ரெக்கமண்டட்

"ரெக்கமண்டட்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. அதுக்குக் கீழ மொதல்ல ஒங்க பேருதான் மிஸ். எங் கண்ணால பாத்தேன்."

பியோன் கறுப்பையா ஒரு துண்டு கேக்கை அஷ்வினியின் மேசையில் வைத்தார். மனேஜருக்குத் தேநீர் கொண்டுபோனபோது கம்பியூட்டரில் பார்த்தாராம்.

தேயிலைக் கம்பனியின் கண்டிக் கிளைக் கந்தோர் முழுக்க அதற்குள் செய்தி பரவிவிட்டது. தற்காலிக லிகிதராகவே காலம் தள்ளும் அஷ்வினியை நிரந்தரமாக்கச் சொல்லி மனேஜர் பரிந்துரைத்துவிட்டார் என்று ஆளாளுக்கு வாழ்த்தினார்கள்.

பன்வில பஸ்ஸில் நின்றபடியே வந்தவளுக்குச் சிரிக்கவும் தெம்பில்லை. அது மனேஜரின் பரிந்துரை அல்ல, கம்பியூட்டரின் பரிந்துரை; கடைசியாகத் திறந்த கோப்புகளை அது தானாகவே 'ரெக்கமண்டட்' என்று தலைப்பிட்டு மெனுவில் காட்டும் என்று காலையிலிருந்து சொல்லிக் களைத்துவிட்டாள். உண்மையான பரிந்துரைகள் கொழும்புக்குப் போய்ச்சேர வேண்டிய கடைசி நாள் நேற்றே கழிந்துவிட்டது. மனேஜர் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மனேஜர் பொன்னுத்துரை பழைய ஆள். விண்ணப்பத்தின் மூலையில் பச்சை மையால் 'ரெக்கமண்டட்' என்று எழுதிக் கையெழுத்து வைத்தே பழகியவர். இனிக் கடுதாசி வேண்டாம், எல்லாம் கம்பியூட்டரிலேயே நடக்கட்டும் என்று கொழும்புத் தலைமையகம் சொன்ன பிறகு, அந்தப் பேனா சும்மா கிடந்தது.

அவர் சாப்பிடப் போன நேரம் அஷ்வினி அறைக்குள் போனாள். அந்தக் கம்பியூட்டரில் என்ன பிழை வந்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார். மெனுவைத் திறந்தாள். முதலாவதாக அவளுடைய பெயர்.

எப்போதோ கொடுத்த விண்ணப்பம் இன்னும் எப்படி மேலேயே நிற்கிறது? யோசிக்கவும் அலுப்பாக இருந்தது. செட்டிங்ஸுக்குப் போய், பரிந்துரைகளைக் காட்டும் பட்டனை அணைத்தாள். மெனு துடைத்துவிட்டதுபோல் ஆனது.

பொன்னுத்துரை வாயைத் துடைத்தபடி உள்ளே வந்தார்.

"மெனுவுல ஒரே குப்பை சேர். மறைச்சிட்டேன்."

அவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பிறகு மெல்லக் கதிரையில் உட்கார்ந்தார்.

"உங்கட பேர் அதில மேல நிக்கவேணுமெண்டுதானே பிள்ளை, நான் ஒவ்வொரு நாளும் திறந்து திறந்து மூடினனான். இனிக் கொழும்பில எப்பிடிப் பாப்பினம்?"