சப்ரீன் போட்ட மூன்று நிபந்தனை

தன்னைப் பார்த்ததும் சப்ரீன் சிரித்துவிட்டதில் அழகுராஜாவுக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. செருப்பு பறந்து வரும் என்று பயந்துகொண்டேதான் ராஜபாளையத்தில் பஸ் ஏறியிருந்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிக்குப் பக்கத்தில் அவளுடைய அத்தாவின் ஜவுளிக்கடை. கல்லாவில் சப்ரீன்தான் உட்கார்ந்திருந்தாள். பஸ் ஸ்டாண்டில் வாங்கிய பால்கோவா பெட்டியை அவன் நீட்டினான்.

"எங்க ஊருக்கே பால்கோவாவாண்ணே? எதை யாருக்குக் குடுக்கிறதுன்னு ஒங்களுக்கு எப்பவுமே தெரியாது."

முன்பெல்லாம் சப்ரீன் பேசினால் தெருமுனைக்குக் கேட்கும். இப்போது எதிரில் நிற்பவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரிப் பேசினாள். உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த குருவம்மாளைக்கூட, துணி அளக்கிற இரும்புக் கோலால் மேசையில் இரண்டு தட்டு தட்டி வரவழைத்துத்தான் டீ வாங்கிவரச் சொன்னாள். கல்லாவில் உட்கார்ந்தால் நிதானம் தன்னால் வந்துவிடும்போல என்று அழகுராஜா நினைத்துக்கொண்டான்.

அவன் கிடார் வாசித்து நடத்துகிற ராக் பேண்டுக்குக் 'கோரைப்பல்' என்று பெயர். ஆறு வருடம் அதன் குரல் சப்ரீன். சுருதியை அரைக் கட்டை குறைத்துக்கொள்ளலாமா என்று அவள் மூன்றாவது தடவை கேட்டபோது, இவளுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று முடிவு கட்டி, வாட்ஸப்பில் ஒற்றை வரி போட்டு அவளைப் பேண்டிலிருந்து நீக்கிவிட்டான். அதன்பிறகு இரண்டு வருடமாக, இருக்கிறாளா செத்தாளா என்று பேண்டில் ஒருத்தனும் விசாரிக்கவில்லை.

அவள் இடத்துக்குப் பானுப்பிரியா என்ற பெண்ணைக் கொண்டுவந்து போன மாதம் ஆல்பம் போட்டார்கள். ஏழு பாட்டு. கேட்டவர்கள் எல்லாரும் காறித் துப்பினார்கள்.

"கமெண்டெல்லாம் படிச்சீங்களாண்ணே?" சப்ரீன் போனை எடுத்தாள். ஒன்று விடாமல் சேர்த்து வைத்திருந்தாள். "'தண்ணி மோட்டார்ல காத்துப் புடிச்ச மாதிரி இருக்கு.' இது தளவாய்புரத்துக்காரன். 'ஏழு பாட்டுக்கும் சேத்து ஒரு தலைவலி மாத்திரை குடுங்கய்யா.' இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது."

ஒவ்வொன்றையும் அல்வா தின்பதுபோல் ரசித்து வாசித்தாள். வேலை ஆகவேண்டுமே என்று அழகுராஜா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கேட்டான்.

"போதும் தாயி. சென்னை ஆடியோ கம்பெனிக்காரன் கெடு வச்சுட்டான். பழைய குரலோட அடுத்த ஆல்பம்னா எடுத்துக்கிடுதானாம். இல்லாட்டி கோரைப்பல்ல மறந்துருங்கன்னுட்டான். நீ மனசு வச்சாத்தான் எங்க பேண்டு பொழைக்கும்."

"மூணு காரியம் இருக்கு. இங்கனயே, எங்கண்ணு முன்னால செய்யணும். பாட்டப் பத்திப் பொறவு பேசுவோம்."

"சொல்லு. எதுன்னாலும் செய்தேன்."

"மொதல்ல அந்த ஆல்பத்த அழிங்க."

இரண்டு வருட உழைப்பு. இருந்தாலும் போனை எடுத்து, தங்கள் சேனலிலிருந்து ஏழு பாட்டையும் ஒவ்வொன்றாக அழித்தான். ஏழாவது பாட்டு போகும்வரை சப்ரீன் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அடுத்து, அந்தப் புள்ளைக்குப் போன் போட்டு இனி வரவேணாம்னு சொல்லுங்க. என்னைய மாதிரி மெசேஜ்ல இல்ல, வாயால. ஸ்பீக்கர்ல போடுங்க."

பானுப்பிரியா முழுவதையும் கேட்டாள். "அந்தச் சுருதி எனக்கு எட்டலைன்னு எத்தன தடவ சொன்னேன்? எம்பேரக் கெடுத்துட்டு இப்பப் போகச் சொல்லுதீகளா? இனிமே நீங்க கால்ல விழுந்தாலும் வரமாட்டேன்" என்று பட்டென்று போனை வைத்தாள்.

"அந்தப் புள்ளயாவது தப்பிச்சுச்சு" என்றாள் சப்ரீன். அவள் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை.

"மூணாவது என்ன?"

"லைவ்ல வாங்க. நான் சொல்லுத மாதிரியே சொல்லுங்க."

அழகுராஜாவுக்குக் காது வரை சுட்டது. இந்த ஆல்பம் மட்டும் முடியட்டும், பிறகு உன்னைப் பார்த்துக்கொள்கிறேன் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டே போனைத் தூக்கிப் பிடித்தான். சப்ரீன் ஒவ்வொரு வரியாக மெல்ல எடுத்துக்கொடுக்க, அவன் ஊர் கேட்கச் சொன்னான்.

"சப்ரீன வெளிய அனுப்புனது நாந்தான். அவ மேல ஒரு தப்பும் இல்ல, தப்பு அம்புட்டும் எம்மேலதான். சப்ரீன் குரல் இல்லாட்டி கோரைப்பல்லே இல்ல. இனி வேற யாரு பாடுனாலும் அது எங்க பேண்டு இல்ல. இது சத்தியம்."

திரையில் இதயமும் கைதட்டலுமாகப் பறந்தன. 'சப்ரீன் அக்கா வாராக!' என்று ஆளாளுக்குக் குதித்தார்கள். கம்பெனிக்காரரே பார்த்துவிட்டு, 'சூப்பர், சப்ரீன் பாடினால் ஓகே' என்று போட்டிருந்தார்.

அழகுராஜா லைவை நிறுத்திவிட்டு வேர்வையைத் துடைத்தான். மானம் போனது போகட்டும், பேண்டு பிழைத்துவிட்டது.

"மூணும் முடிஞ்சிருச்சு தாயி. திங்கக்கெழம ஸ்டுடியோவுக்குச் சொல்லிரவா? எப்பப் பாட வாரே?"

குருவம்மாள் கொண்டுவந்த டீயை சப்ரீன் அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள். ஒரு வார்த்தையும் தப்பாமல் அவன் காதில் விழட்டும் என்று மேசையின் மேல் நன்றாகக் குனிந்தாள்.

"தொண்டையில ஆபரேசன் ஆயி எட்டு மாசமாச்சுண்ணே, இனி எனக்குப் பாட்டே வராது."