சுவர்ப் பக்கம்

பிலோமி அக்கா பதினோரு மாதம் தெருவில் கிடந்தாள். புத்தி பேதலித்து வீட்டைவிட்டுப் போனவளைத் தேடிப் பிடித்து, வைத்தியம் பார்த்துத் தேற்றி மூன்று வருடமாகிறது. அந்த மாதங்களைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. கேட்டுக் கேட்டு அலுத்துப்போன தங்கை ஜெசிந்தா, எல்லாவற்றையும் தானே கற்பனை செய்து, ஓராள் நாடகமாக்கி ஊர் ஊராக நடித்தாள். இன்றைக்குத்தான் அக்கா முதன்முதலாகப் பார்க்க வந்திருந்தாள்.

பேருந்து நிலையத்தில் படுக்கும் காட்சி. ஜெசிந்தா செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டு, சபையைப் பார்த்துச் சாய்ந்தாள்.

"செருப்பத் தலைக்கு அடியில வைட்டி. விடிஞ்சா இருக்காது."

சபையில் எழுந்து நின்ற அக்காவின் குரல். அவள் பக்கத்தில் இருந்தவர், "உக்காருங்கம்மா, இது நாடகம்" என்றார்.

"நாடகம்னா களவாங்க மாட்டானா?"

அரங்கம் சிரித்தது. ஜெசிந்தா செருப்பை எடுத்துத் தலைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"சுவத்தப் பாத்துத் திரும்பிப் படு. முதுகுல மிதிச்சா தாங்கிரலாம்."

சிரிப்பு நின்றது. சபைக்கு முதுகு காட்டக் கூடாது என்பதுதான் ஜெசிந்தா நடிப்பில் கற்ற முதல் பாடம். அவள் மேடையின் பின்சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். இன்னும் நாற்பது நிமிட வசனம் மீதம் இருந்தது.

"பொறவு, அக்கா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள்.