ஆபீசர் கொடுத்த புழுக்கள்

"புழுவெல்லாம் என்னாச்சு பாப்பா?" என்று விவசாய ஆபீசர் கேட்டார்.

"நல்லா இருக்குங்க" என்றேன்.

அவர் வளர்க்கக் கொடுத்த கம்பளிப்புழுக்கள் கறுத்து, அழுகிச் செத்துவிட்டன. ஏச்சுக்குப் பயந்து அழுதேன். அப்பாதான் அவற்றை அடுப்பில் கொட்டிவிட்டு, புழு மேய்ந்துகொண்டிருந்த எங்கள் கடலைக்காட்டிலிருந்து வேறு பிடித்துவந்து பானையில் விட்டார்.

ஆபீசர் பானையைத் திறந்தார். "ஒண்ணுகூடச் சாகலையா?"

"எம்மக அப்புடிப் பாத்துக்கிட்டாங்க" என்று ஆத்தா பூரித்தாள்.

ஆபீசர் முகம் விழுந்துவிட்டது. "புழுவுக்கு வர்ற நோய்க்கிருமியை, அதுங்க திங்குற எலையில தடவித்தாங்க கொடுத்தேன். செத்ததை அரைச்சுத் தெளிச்சா, ஒங்க காட்டுல இருக்குற புழுவும் அதே நோயில சாகும். இந்தக் கிருமி வேலைக்காகலை. இனி ஒங்க கடலையைக் காப்பாத்த வழியில்லைங்க."

அப்பாவைப் பார்த்தேன். அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.