சுத்தியலைப் பிடித்த கை

தேவாலயத்தில் சொரூபங்கள் கூடாது என்று ஊர் முடிவெடுத்த மறுநாள், ஒரு சுத்தியல் மரத்தில் செதுக்கிய மாதா சொரூபத்தின் முன்னால் வந்து நின்றது.

“என்னம்மா, பயமா இருக்கா? நீ வெறும் கட்டையாமே!” என்று கேலி செய்தது.

“உன் பிடியும் கட்டைதானே” என்றாள் மாதா. “உன்னைப் பிடித்திருக்கும் கையை எனக்குத் தெரியும். மகள் காய்ச்சலில் கிடந்தபோது தினமும் என் காலடியில் மெழுகுவர்த்தி ஏற்றிய கை.”

“மகள் பிழைத்தாளா?”

“இல்லை.”

சுத்தியல் உயர்ந்தது.

முதல் அடி மாதாவின் முகத்தில் விழுந்தது. இரண்டாம் அடியில் அவள் கையிலிருந்த மரக்குழந்தை கழன்று தரையில் உருண்டது. அந்த மனிதன் சுத்தியலைக் கீழே வைத்தான். குழந்தையை எடுத்துத் தூசி துடைத்து, சட்டைக்குள் மறைத்துக்கொண்டான்.

பிறகு சுத்தியலை எடுத்து, தாயை விறகாகும்வரை உடைத்தான்.