செவலையின் இடது காது

கோம்பை நாய் இனத்தை மீட்கக் கிளம்பியிருந்த கால்நடை மருத்துவர், ஒச்சம்மாளின் வாசலில் மண்டியிட்டே உட்கார்ந்துவிட்டார். அவள் வளர்க்கும் செவலையின் முதுகையும் கறுத்த முகவாயையும் தடவத் தடவ அவர் குரல் உயர்ந்தது.

"பதினோரு ஊர் அலைஞ்சுட்டோம்மா. கலப்பில்லாத பொட்டை இது ஒண்ணுதான். நாலு குட்டி போட்டாப் போதும்."

பிறகு அவர் விரல் இடது காதில் நின்றது. நுனி வெட்டப்பட்டிருந்தது. கருத்தடை செய்த தெருநாய்களுக்கு இடும் அடையாளம்.

"வீட்டு நாய்க்கு யாரும்மா இதைச் செஞ்சது?"

போன வருடம் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் வீட்டில் வெளிநாட்டு நாய் இருந்தது. "இந்தத் தெருநாயையா வளக்குறீங்க?" என்று மாப்பிள்ளையின் அம்மா சிரித்ததில் ஒச்சம்மாளுக்கு உடம்பு கூசிப்போனது. மறுநாள் நாய் பிடிக்கிற வண்டி வந்தபோது அவளே செவலையைக் கூப்பிட்டுக் கொடுத்தாள். "எங்க நாயில்லைங்க" என்றாள். நான்காம் நாள், வயிற்றில் தையலோடு தெருமுனையில் இறக்கிவிடப்பட்ட செவலை நேராக இந்த வாசலுக்கே வந்து படுத்துக்கொண்டது.

"தெரியாமப் புடிச்சுட்டுப் போயிட்டாங்கய்யா" என்றாள் இப்போது.

மருத்துவர் எழுந்து கைகூப்பினார். "எங்க ஆளுக செஞ்ச தப்பும்மா. நீங்க மன்னிக்கணும்."

"அய்யோ, கும்பிடாதீங்கய்யா." அவள் குரல் உடைந்தது. அதைக் கேட்டதும் செவலை இருவருக்கும் நடுவே வந்து நின்று, மருத்துவரைப் பார்த்து உறுமியது.

"பாத்தீங்களா, இதாம்மா கோம்பை" என்று அவர் மகிழ்ச்சியோடு பின்வாங்கினார். ஒச்சம்மாள் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு குனிந்தாள். ஜீப் கிளம்பும்வரை நிமிரவில்லை.