வீட்டில் பேசுவது போல

வெள்ளைக்காரன் போன மறு வருஷம். ‘திருத்தணி தமிழருக்கே’ கூட்டத்துக்கு மலையடிவாரமே நிரம்பிக் கிடந்தது. மேடைக்குப் பின்னால் பேச்சாளன் கஜபதிக்குக் கால் வெடவெடத்தது. கூட்டம் கூட்டிய எல்லப்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஊரெல்லாம் தண்டோரா போட்டிருக்கேன். இப்ப வந்து பல்லு கிட்டிக்கினு நிக்கிறியா?”

“வாயே வரலண்ணா. நாக்கு ஒட்டிக்குது.”

“திருத்தணி எங்களுதுங்கற அந்தத் தெலுங்குக்காரனுங்க சிரிச்சானுங்கன்னா, உன் தோலை உரிச்சிடுவேன். கூட்டத்தைப் பாக்காத. ஊட்ல உங்க நைனாகிட்ட சண்டை போடுவியே, அப்படியே பேசு.”

“எங்க நைனாகிட்ட பேசற மாதிரியேவா?”

“ஆங். ஏறு மேல.”

மேடையேறிய கஜபதி கண்ணை மூடி நைனாவை நினைத்தான். நடுக்கம் நின்றுவிட்டது.

“இந்த ஊரில் இனித் தமிழைத் தவிர வேறு பாஷையே கேட்கக்கூடாது” என்று மூச்சுவிடாமல் முழங்கினான், வீட்டில் நைனாவிடம் பேசும் அதே தெலுங்கில்.