கௌரவத் தலைவர்

மாலை கழுத்தில் விழுந்ததுமே சுந்தரராமன் எழுந்து நின்று தொண்டையைச் செருமிக்கொண்டார்.

அது அவர் வழக்கம். தாம்பரத்தைச் சுற்றி யார் தொழிற்சங்கம் ஆரம்பித்தாலும் அவர்தான் கௌரவத் தலைவர். அனகாபுத்தூர் நெசவாளிகள், பஸ் கண்டக்டர்கள், ரொட்டிக் கிடங்குக்காரர்கள், யாரையும் விட்டதில்லை. எந்தச் சங்கம் என்று கேட்பதற்குள் மாலை விழுந்துவிடும். மாலை விழுந்துவிட்டால் பேச்சு வந்துவிடும்.

டைப் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றிருந்த தபீதாள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். சர்ச்சில் முதல் மணி அடித்திருப்பார்கள்.

இன்று அவளுக்கு மூன்றாவது ஓலை. கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவர்களின் பெயரை மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வாசிப்பார்கள். முதல் ஓலையன்று அவள் தலைவரின் அறிக்கையை டைப் அடித்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது ஓலையன்று அதே அறிக்கைக்கு விளக்கம்.

"பொண்ணுக்கு இஷ்டமில்லையா, என்ன?" என்று மாப்பிள்ளையின் அம்மா ஆள் அனுப்பிக் கேட்டுவிட்டாள். இன்றைக்கும் பெஞ்சில் அவளைக் காணோமென்றால் கல்யாணம் நின்றாலும் நின்றுவிடும்.

லீவு கேட்காமல் இல்லை. சேலையூரில் தலைவர் சுந்தரராமன் வீட்டு இந்த முன்ஹால்தான் கட்சி ஆபீஸ். அறுபத்தேழு தேர்தலிலிருந்து அங்கே ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று வந்ததே கிடையாது. கேட்டால் தலைவர் சிரிப்பார். "நீங்கள்ளாம் தொழிலாளியாம்மா? தொண்டர்கள். தொண்டருக்கு ஏதும்மா லீவு?"

கார் ஓட்டும் லோகநாதனுக்கும் அதே பதில். போஸ்டருக்குப் பசை காய்ச்சும் ஜெயக்கொடிக்கும் அதே பதில்.

இன்று காலை லோகநாதன் மாலையோடு வந்து நின்றான். "புதுச் சங்கம் சார். ஞாயித்துக்கெழம லீவு வோணுமாம். மொதலாளி மசிய மாட்றாரு" என்று மட்டும்தான் சொன்னான்.

அவருக்கு அது போதும்.

"ஆறு நாள் உழைக்கிறவனுக்கு ஏழாவது நாள் சொந்தம். அதைப் பிடுங்குகிற முதலாளி எவனாக இருந்தாலும் சரி, அவன் வாசலிலே பட்டினி கிடப்பேன்."

கேம்ப் ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். ஜெயக்கொடி கை தட்டினாள்.

தலைவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஏன் வெளியிலேயே நிக்கறாங்க? எல்லாரையும் உள்ளே வரச் சொல்லுப்பா."

"அல்லாரும் உள்ளதான் சார் கீறோம்."

தலைவர் வாசலைப் பார்த்தார். யாரும் இல்லை. லோகநாதனைப் பார்த்தார், ஜெயக்கொடியைப் பார்த்தார், தபீதாளைப் பார்த்தார். கை தானாக மாலையைத் தடவியது.

"முதலாளி யாரு?"

"மால போட்டுக்கினு நிக்கிறாரே, அவருதான் சார்."

வேலை போயிற்று என்று தபீதாளுக்குத் தோன்றியது. வேலை போனால் சர்ச்சுக்குப் போகலாமே என்றும் கூடவே தோன்றியது.

லோகநாதன் ரொம்பப் பணிவாகக் கேட்டான். "பட்டினின்னா, வாசல்ல பாய் போட்றவா சார்?"

எத்தனையோ முதலாளிகளைத் தலைவர் இப்படி மூலையில் நிறுத்தியிருக்கிறார். அந்த மூலையில் நின்று பார்த்தது இன்றுதான்.

"படவா" என்றார். வந்த சிரிப்பை உதட்டோரத்திலேயே அடக்கினார். பிறகு மேடைக் குரலை வரவழைத்துக்கொண்டார். "சங்க உறுப்பினர் அனைவருக்கும் ஞாயிறு விடுமுறை. இன்று முதல். எழுதிக்கோம்மா."

"நாளைக்கு எழுதிக்கிறேன் சார்."

தபீதாள் மெஷினுக்கு உறை போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். செருப்பை மாட்டும்போது, தலைவர் நாற்காலியில் தொப்பென்று விழும் சத்தம் கேட்டது. அவர் சமையலறைப் பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டார்.

"பாலா, காபி கொண்டா."

"ஏன்னா, இன்னிக்கு ஞாயித்துக்கெழமையோன்னோ?" என்று உள்ளேயிருந்து பாலாம்பாளின் குரல் வந்தது.

தபீதாள் நடையை எட்டிப் போட்டாள். சங்கத்தின் செயலாளர் சமையலறையில்தான் இருக்கிறார் என்பது அவருக்கு இனிமேல்தான் தெரியும்.